ஃப்ரிட்ஜுக்குப் பதில் ஒரு சைடுபோர்டு

ஃப்ரிட்ஜ் வாங்கச் சொல்லி மஸ்கட்டிலிருந்து வந்த பணத்தில் நான் ஒரு சைடுபோர்டு வாங்கினேன். சொந்தக்காரர்கள் கூடினால் இன்றைக்கும் யாராவது இந்தக் கதையை எடுத்துவிட்டுச் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். அன்றைக்கு எனக்கு இருந்த சந்தோஷத்தில் பாதிகூட ஃப்ரிட்ஜ் வாங்கிய நாளில் அவர்களுக்கு இருந்திருக்காது.

விஷயம் இதுதான். எனக்குக் கல்யாணமாகி எட்டு வருஷம் ஆகியிருந்தது. என் வீட்டுக்காரர் மஸ்கட்டில் ஒரு கம்பெனி கேம்ப்பில் ஸ்டோர் கீப்பர். இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை இரண்டு மாதம் லீவு. எட்டு வருஷத்தில் அவர் ஊரில் இருந்த நாட்களை எல்லாம் கூட்டினாலும் ஒரு வருஷம் தேறாது. அந்த நாட்களில் ஒரு வேளைகூட நானும் அவரும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட்டதில்லை. சண்டை கிண்டை ஒன்றுமில்லை. அவர் சாப்பிடுவார், நான் பரிமாறுவேன். அவ்வளவுதான்.

எங்கள் வீடு நீடாமங்கலத்துக்குப் பக்கத்தில், வயலும் வாய்க்காலும் முடிகிற இடத்தில் கோயிலை ஒட்டிய தெருவில் இருக்கிறது. வெளிநாட்டுப் பணத்தில் கட்டிய வீடு. பிளான் போட்ட இன்ஜினியர் நடுவில் பெரிதாக ஒரு கட்டம் வரைந்து 'டைனிங் ஹால்' என்று எழுதிக் கொடுத்திருந்தார். அந்தப் பெயரைப் பார்த்து நான் பூரித்துப் போனது எனக்குத்தான் தெரியும். கட்டி முடித்ததும் அதில் ஒரு சன்மைக்கா மேசையும் ஆறு நாற்காலியும் வாங்கிப் போட்டோம். அறுப்பு முடிந்ததும் பாதி இடத்தில் நெல் மூட்டை அடுக்கினார்கள். மேசையில் என் மகள் வீட்டுப்பாடம் எழுதினாள், நான் பரீட்சைப் பேப்பர் திருத்தினேன், கொழுந்தன் சட்டைக்கு இஸ்திரி போட்டான்.

அவர் லீவில் வந்தால் மட்டும் மேசையைத் துடைத்துச் சாப்பாடு போடுவோம். அடுக்களை கொல்லைப்பக்கம் இருந்தது. சோற்றுக்கு ஒரு நடை, குழம்புக்கு ஒரு நடை, மறுசோறு, ரசம், மோர், அப்பளம் என்று ஆளுக்கு ஒரு பாத்திரத்தோடு நானும் அவருடைய அம்மாவான அத்தையும் ஓடிக்கொண்டே இருப்போம். "நீயும் உக்காரேன்" என்பார். "நீங்க சாப்பிடுங்க, நான் அப்புறம் சாப்பிட்டுக்கிறேன்" என்பேன். இந்த இரண்டு வசனமும் எங்களுக்கு மனப்பாடம். நான் உட்கார்ந்துவிட்டால் ரசம் நடந்தா வரும்? எல்லாரும் எழுந்து கை கழுவிய பிறகு நானும் அத்தையும் அடுக்களையில் சட்டியைச் சுற்றித் தரையில் உட்காருவோம். குழம்பு ஆறியிருக்கும், மீனில் தலையும் வாலும் மிச்சம் இருக்கும். அவர் அதற்குள் முன்கட்டில் யாரோ வந்த ஆளிடம் பேசிக்கொண்டிருப்பார்.

விமானம் ஏறிப் போன பிறகு யோசித்தால் அவர் சாப்பிடும்போது அவருடைய உச்சந்தலைதான் எனக்கு ஞாபகம் வரும். பக்கத்தில் நின்று பரிமாறினால் அதுதானே தெரியும். இதை யாரிடம் போய்ச் சொல்வது? சொன்னால் கொழுப்பு என்பார்கள்.

அந்தச் சமயத்தில் நான் கூத்தாநல்லூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். கேபிள் ஒயர் தெருத்தெருவாக நுழைந்துகொண்டிருந்த வருஷங்கள். மூலைக்கு மூலை எஸ்டிடி பூத் வந்திருந்தது. கூத்தாநல்லூரில் அதற்கு வெகுகாலம் முன்பிருந்தே வீட்டுக்கு ஒருவர் மலேயாவிலோ சிங்கப்பூரிலோ இருந்தார்கள். இப்போது அங்கே பழைய வீடுகளை இடித்துவிட்டு மார்பிள் போட்டு மாடி கட்டுவது மும்முரமாக நடந்தது. என் வகுப்பில் படித்த ஒரு பெண்ணின் அம்மா, ஏறக்குறைய என் வயதுக்காரி, ஒரு நாள் மகளைக் கூட்டிப் போக வந்தவள் என்னிடம் சொன்னாள்.

"டீச்சர், வீட்ட இடிக்கப் போறோம். கட்டிலு, அலமாரின்னு ஏதாச்சும் வேணும்னா வந்து பாருங்க. சனிக்கிழமை பாண்டிச்சேரியிலேருந்து பழைய சாமான் வாங்குறவரு லாரியோட வர்றாரு. அவரு வந்துட்டா ஒன்னும் மிஞ்சாது."

அன்று புதன்கிழமை. எனக்கு வேண்டியது அத்தையின் துணிமணிக்கு ஒரு சின்ன அலமாரி. அதற்காகத்தான் அன்று சாயங்காலமே அவள் வீட்டுக்குப் போனேன்.

உள்ளே மூன்றாம் கட்டில், சாப்பிடும் அறையின் நீளச் சுவரை ஒட்டி அது நின்றது. சுத்தமான தேக்கு. இடுப்புக்கு மேல் ஒரு சாண் உயரம், மேல்பலகை கன்னங்கரேலென்று மின்னியது. அதற்குப் பின்னால் நிலைக்கண்ணாடி, கண்ணாடிக்கு மேல் திராட்சைக் கொடி செதுக்கிய வளைவு, இரண்டு பக்கமும் விளக்கு வைக்க அரைவட்டமாகச் சின்னப் பலகைகள். கீழே மூன்று டிராயர், அதற்குக் கீழே கதவு போட்ட அறைகள்.

"இது சைடுபோர்டுங்க. எங்க மாமாவோட வாப்பா பினாங்குலேருந்து கப்பல்ல கொண்டாந்தது. வெள்ளக்காரன் ஒருத்தன் வித்துட்டுப் போனானாம்" என்றவள், வலதுகோடியில் இருந்த ஆழமான டிராயரை இழுத்துக் காட்டினாள். உள்ளே தகரம் அடித்திருந்தது. "இதுல அவன் பிராந்தி பாட்டில் வச்சிருப்பானாம். நாங்க ஊறுகா ஜாடி வச்சோம்."

"இதுல தட்டுமுட்டு அடுக்கி வைப்பீங்களா?"

"தட்டு உள்ள இருக்கும். சாப்பாட மேல வச்சிருவோம் டீச்சர். விருந்துன்னா சஹன்தான், கீழ உக்காந்து நாலு பேரு ஒரே தாலத்துல சாப்புடுறது. வீட்டு ஆளுங்க மட்டும்னா இப்புடித்தான். சோறு, மீனாணம், கறியாணம் எல்லாம் இது மேல இருக்கும். யாருக்கு எது வேணுமோ எந்திரிச்சுப் போட்டுக்க வேண்டியதுதான்."

"அப்ப நீங்க?"

"நானும் உக்காந்துதான் சாப்புடுவேன். பின்ன?"

அந்தப் 'பின்ன' இருக்கிறதே, அது என்னைத் தூக்கிவாரிப் போட்டது. அவள் சாதாரணமாகச் சொல்லிவிட்டு அடுத்த அறைக்கு அலமாரியைக் காட்டப் போய்விட்டாள். நான் அங்கேயே நின்றேன். எட்டு வருஷமாக நான் என்னையும் அவரையும் அத்தையையும் ஊர் வழக்கத்தையும் குற்றம் சொல்லிக்கொண்டிருந்தேன். சோறும் குழம்பும் அடுக்களையில் இருந்ததுதான் குற்றம். அவை நகர்ந்து மேசைக்குப் பக்கத்தில் வந்துவிட்டால் நான் உட்காரலாம். இவ்வளவு சின்னக் கணக்கு கணக்கு டீச்சருக்குத் தெரியாமல் போயிருந்தது. 

அளக்க டேப் இல்லை. முந்தானையை அதன் நீளத்துக்கு இழுத்துப் பிடித்து ஒரு முடிச்சு, உயரத்துக்கு ஒரு முடிச்சு, ஆழத்துக்கு ஒரு முடிச்சு போட்டேன். அவள் வந்து பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"உங்களுக்கு இது வேணாமா? புது வீட்டுல வைக்கலையா?" என்று கேட்டேன். அவள் வேண்டாம் என்று சொல்ல வேண்டுமே என்று உள்ளுக்குள் தவித்தேன்.

"எங்க வீட்டுக்காரரு கண்ணாடி ஷோகேஸ் ஆர்டர் பண்ணிட்டாரு டீச்சர். புது மேசையும் வருது. அதுல நடுப்பாகம் சுத்துமாம், அதுலேயே சாப்பாடு சுத்தி வருமாம். நீங்க எடுத்துக்கிட்டா எனக்குச் சந்தோஷந்தான். அந்த வியாபாரி இதைக் கழட்டிக் கண்ணாடிய தனியா, செதுக்குன பலகைய தனியா விப்பாரு."

நாளைக்கே வந்து எடுத்துக்கொள்கிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டு பஸ் ஏறினேன். அத்தைக்கு அலமாரி பார்க்கவே மறந்துவிட்டது. ஊர் வருகிற வரைக்கும் முந்தானை முடிச்சுகளைத் தடவிக்கொண்டே வந்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண், பணம் முடிந்து வைத்திருக்கிறேன் என்று நினைத்து, "பத்திரமா இடுப்புல சொருகிக்கங்க" என்றாள். வீட்டுக்குள் நுழைந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் டைனிங் ஹால் சுவரில் முந்தானையை வைத்துப் பார்த்தேன். நெல் மூட்டை இல்லாவிட்டால் கச்சிதமாக இருக்கும்.

பணம் பேங்கில் இருந்தது. 'நான் வருவதற்குள் ஃப்ரிட்ஜ் வாங்கி வை, தண்ணீர் ஜில்லென்று குடிக்க வேண்டும்' என்று அவர் எழுதியிருந்தார். மூன்று வாரத்தில் வருகிறார். எனக்கு ஒரு நிமிடம்கூடக் குழப்பம் வரவில்லை, அதைத்தான் இன்றைக்கும் ஆச்சரியமாக நினைக்கிறேன். மறுநாள் அரைநாள் லீவு போட்டுப் பேங்கில் பணத்தை எடுத்தேன். கொழுந்தனைப் பிடித்தேன்.

"தம்பி, ஒரு டிராக்டர் வேணும். கூத்தாநல்லூர் போவணும்."

"அறுப்பு நேரத்துல யாரு அண்ணி டிராக்டர் தருவா? எதுக்கு?"

"சைடுபோர்டு எடுக்க."

"ஃப்ரிட்ஜுன்னு சொன்னீங்க?"

"அடுத்த லீவுக்கு வாங்கிக்கலாம்."

"அண்ணன் கேட்டா?"

"அண்ணனுக்கு நான் சொல்லிக்கிறேன். நீ டிராக்டருக்கு வழி பாரு."

அவன் என்னை ஒரு மாதிரி பார்த்தான். ஆனால் நல்ல பிள்ளை, இரண்டு லோடு நெல்லுக்கு நடுவில் ஒரு டிராக்டரைப் பேசிப் பிடித்து வந்துவிட்டான். டிரெய்லரில் வைக்கோலை மெத்தையாகப் பரப்பி, கண்ணாடி இருந்த மேல்பாகத்தைத் திருகு கழற்றித் தனியாகப் போர்வையில் சுற்றி, ஆறு பேர் தூக்கி ஏற்றினார்கள். நான் டிரைவர் பக்கத்தில் உட்காராமல் டிரெய்லரிலேயே கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு வந்தேன். ரோடு நெடுக நெல் காயப் போட்டிருந்தார்கள். ஒவ்வொரு மேட்டிலும் எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. பள்ளிக்கூடம் விட்டுப் போகிற என் வகுப்புப் பிள்ளைகள், டீச்சர் வைக்கோலில் உட்கார்ந்து போவதைப் பார்த்துக் கையசைத்தார்கள். நானும் ராணி மாதிரி கையசைத்தேன்.

எங்கள் தெருவில் நுழைந்ததும்தான் நான் எதிர்பார்க்காதது நடந்தது. வாசலில் இறக்கி, கண்ணாடியும் வளைவும் இருந்த மேல்பாகத்தைச் சரியாக இருக்கிறதா என்று பொருத்திப் பார்த்தோம். கூட்டம் கூடிவிட்டது. எதிர்வீட்டுப் பெரியவர் தோளில் இருந்த துண்டை எடுத்து அக்குளில் இடுக்கிக்கொண்டு நெற்றியில் சிலுவை போட்டார்.

"கோயிலுக்குப் புதுப் பீடமா?" என்று யாரோ கேட்டார்கள்.

அத்தை வெளியே வந்து பார்த்தார். "சேசு மரி சூசையே" என்று கன்னத்தில் கை வைத்துக்கொண்டார்.

உண்மையிலேயே அப்படித்தான் இருந்தது. திராட்சைக் கொடி, வளைவு, இரண்டு பக்கமும் மெழுகுவத்தி வைக்கிற தட்டு, நீளமான மேல்பலகை. எங்கள் கோயிலில் மாதாவுக்கு இருக்கிற பக்கப் பீடத்துக்கு அண்ணன் தம்பி போலிருந்தது. கத்தோலிக்கர்கள் தெருவில் இதைக் கொண்டுவந்து இறக்கினால் வேறு என்னவென்று நினைப்பார்கள்? பினாங்கு வெள்ளைக்காரனின் பிராந்தி டிராயரை அவர்களிடம் இழுத்துக் காட்ட எனக்குத் தைரியம் வரவில்லை.

நெல் மூட்டைகளை முன்கட்டுக்கு மாற்றிவிட்டு அதை டைனிங் ஹாலில் நிறுத்தினோம். மறுநாள் நான் பள்ளிக்கூடம் போய்விட்டுத் திரும்பி வருகிறேன், சைடுபோர்டின் நடுவில் திரு இருதய ஆண்டவர் படம். படத்தைச் சுற்றி சீரியல் பல்பு. இரண்டு பக்கமும் பிளாஸ்டிக் ரோஜா. அரைவட்டத் தட்டுகளில் மெழுகுவத்தி எரிகிறது. மேல்பலகையில் அத்தை பெட்டியில் வைத்திருந்த நல்ல வெள்ளை வேட்டித் துணி விரித்திருக்கிறது. கீழே பாய் போட்டு அத்தையும் நாலு பெண்களும் ஜெபமாலை சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும், அது ஊருக்கே தெரியும். ஆனால் ஜெபமாலை நடுவில் கத்த முடியுமா? அடுக்களைக்குப் போய்ப் பாத்திரங்களை டமால் டமாலென்று வைத்தேன். எல்லாரும் போன பிறகு அத்தையிடம் போனேன்.

"அத்தை, அது சாப்பாடு வைக்கிறதுங்க."

"அது மேலயா? ஆண்டவர் முன்னால மீன் கொழம்பையா வைக்கச் சொல்ற?"

"ஆண்டவரும் மீன் சாப்பிட்டவருதானே அத்தை."

"அவரு சாப்பிட்டாரு. அவரு மூஞ்சிக்கு நேரா புளிக்கொழம்ப வச்சிச் சாப்பிட்டாங்களா? போ, போயி வேலையப் பாரு."

படத்தை முன்கட்டுக்கு மாற்றலாம் என்றேன். வைத்து ஜெபம் சொன்ன இடத்திலிருந்து ஆண்டவரை இறக்கக் கூடாது என்றார். சரி, அப்படியானால் வெந்நீராவது வைக்கலாமா என்று குத்தலாகக் கேட்டேன். தீர்த்தம் வேண்டுமானால் வை என்றார் அவரும். அத்தை லேசுப்பட்டவர் இல்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை கடைத்தெருப் பூத்துக்கு மஸ்கட்டிலிருந்து அவருடைய போன் வந்தது. "ஃப்ரிட்ஜ் வந்துடுச்சா?" என்று கேட்டார். நான், "சாமான் வந்துடுச்சு" என்றேன். "எங்க வச்சிருக்க?" "டைனிங் ஹால்ல." "அம்மாவுக்குப் பிடிச்சிருக்கா?" "கும்பிடாத குறைதான்" என்றேன். பொய் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு வாரம்தான் இருந்தது. ஃப்ரிட்ஜும் இல்லை, சைடுபோர்டும் இல்லை, வீட்டில் ஒரு பீடம்தான் இருந்தது. இந்த லீவிலும் நான் அவருடைய உச்சந்தலையைப் பார்த்துக்கொண்டுதான் நிற்கப்போகிறேன் என்று நினைத்ததும் அழுகை வந்துவிட்டது. பூத்தில் பணம் வாங்குகிறவர், பிரிவுத் துயரம் போலிருக்கிறது என்று ஆறுதல் சொன்னார்.

வழி கிடைத்தது பள்ளிக்கூடத்தில். ஏழாம் வகுப்புக்கு மாதிரிக் கணக்கு ஒன்று போட்டுக்கொண்டிருந்தேன், ஒரு பந்தியில் இத்தனை பேர் உட்கார்ந்தால் என்று. கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்த சாக்பீஸ் அப்படியே நின்றுவிட்டது. ஆண்டவரே பந்தியில் உட்கார்ந்திருக்கிற படம் ஒன்று இருக்கிறதே.

சனிக்கிழமை முதல் வண்டியில் தஞ்சாவூருக்குப் போனேன். பிரேம் போடுகிற கடையில் இருந்ததிலேயே பெரிய படம் கேட்டேன். ஆண்டவர் நடுவில் இருக்க, பன்னிரண்டு சீடர்களும் நீள மேசையில் சாப்பிட உட்கார்ந்திருக்கிற இராவுணவுப் படம். கண்ணாடி போட்டுத் தங்க விளிம்பு அடித்து வாங்கினேன். ரயிலில் மடியில் வைத்துக்கொண்டு வரும்போது எனக்கு நானே சிரித்துக்கொண்டேன். அத்தை என்ன சொல்வார், அதற்கு நான் என்ன சொல்வேன் என்று ஒத்திகை பார்த்துக்கொண்டே வந்ததில் நீடாமங்கலத்தில் இறங்க மறந்து, வண்டி கிளம்புகிற நேரத்தில் குதித்தேன்.

படத்தை அத்தையின் முன்னால் வைத்தேன். மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு அவர் வெகுநேரம் பார்த்தார்.

"எத்தன பேரு?"

"பதிமூணு பேருங்க அத்தை."

"எல்லாரும் உக்காந்திருக்காங்க."

"ஆமாங்க."

விரலால் படத்தில் ஒவ்வொருவராகத் தொட்டுக்கொண்டே போனார். மேசையின் இந்தக் கோடிவரை போய்த் திரும்பவும் அந்தக் கோடிக்கு வந்தார். பிறகு நான் ஒத்திகையில் நினைத்தே பார்க்காத ஒன்றைக் கேட்டார்.

"பரிமாறுறது யாரு?"

"யாருமில்ல அத்தை. எல்லாம் மேசை மேலேயே இருக்கு. அவங்கவங்க எடுத்துக்கறாங்க."

அத்தை கண்ணாடியைக் கழற்றிப் புடவையில் துடைத்தார்.  ஐம்பது வருஷத்துப் பந்தி அவருடைய முழங்காலில் இருந்தது, ராத்திரி தைலம் தேய்த்துவிடுகிற எனக்கு அது தெரியும். சாயங்காலம் அவரே கொழுந்தனைக் கூப்பிட்டு, திரு இருதய ஆண்டவருக்கு முன்கட்டில் ஒரு ஸ்டாண்டு அடிக்கச் சொன்னார். இராவுணவுப் படம் சைடுபோர்டுக்கு மேலே சுவரில் ஏறியது. வெள்ளைத் துணியை மட்டும் எடுக்க விடவில்லை. "மீன் கொழம்பு சிந்துனா நீதான் தொவைக்கணும்" என்றார். எனக்கு அவரைக் கட்டிப் பிடிக்க வேண்டும் போலிருந்தது. அப்படியெல்லாம் எங்கள் வீட்டில் வழக்கமில்லை என்பதால் அவருடைய காபியில் ஒரு கரண்டி சர்க்கரை கூடப் போட்டேன்.

என் வீட்டுக்காரர் அடுத்த சனிக்கிழமை திருச்சியில் விமானம் இறங்கி, வேனில் வந்து சேர்ந்தார். அட்டைப்பெட்டிகள், கயிறு கட்டிய போர்வைகள், மகளுக்குப் பொம்மை. எல்லாம் இறங்கியதும் கை கால் கழுவிவிட்டு, "ஜில்லுன்னு ஒரு தண்ணி குடு" என்றார். நான் பானைத் தண்ணீரைக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

"ஃப்ரிட்ஜ் எங்க?"

நான் கையை நீட்டிக் காட்டினேன். மகளும் கொழுந்தனும் சுவரோரம் நகர்ந்துவிட்டார்கள்.

அவர் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். திட்டுவார் என்று நான் பதில் எல்லாம் தயார் செய்து வைத்திருந்தேன். அவர் கிட்டே போனார். மேல்பலகையை உள்ளங்கையால் ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை தடவினார். திறக்காமலே, "நடு டிராயர்ல பச்சத் துணி ஒட்டியிருக்கும். கரண்டி கீறாம இருக்க" என்றார். திறந்தார். பச்சைத் துணி இருந்தது. வலதுகோடி டிராயரைத் தொட்டு, "இது பாட்டிலுக்கு" என்றார்.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"எங்க மெஸ்லயும் ஒன்னு இருக்கு" என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போய்விட்டார். திட்டவில்லை என்கிற சந்தோஷத்தில் நான் அதற்கு மேல் ஒன்றும் யோசிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் சமைத்தேன். ஊரே கறி எடுக்கிற நாள், ஆனால் அவருக்கு மீன்தான் உயிர். கொழுந்தன் விடியற்காலையிலேயே விரால் வாங்கி வந்திருந்தான். ஹாட்பாக்ஸில் சோறு, சட்டியோடு குழம்பு, வறுவல், கத்தரிக்காய், ரசம், மோர், அப்பளம் என்று ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து சைடுபோர்டில் வைத்தேன். அன்றைக்கு அடுக்களைக்கும் ஹாலுக்கும் நான் நடந்தது ஏழு நடை. எட்டாவது நடை இல்லை. அதன் பிறகு அடுக்களை விளக்கை அணைத்தேன், வேண்டுமென்றே அணைத்தேன். ஐந்து தட்டு வைத்தேன். அவருக்கு எதிர் நாற்காலியில் போய் உட்கார்ந்தேன்.

 கல்யாணத்தன்று பீடத்துக்கு முன்னால்கூட எனக்கு இவ்வளவு பயம் இருந்ததில்லை. அத்தை நாற்காலி நுனியில், எந்த நேரமும் எழுந்துவிடுகிறவர் மாதிரி உட்கார்ந்திருந்தார்.

"யாருக்கு எது வேணுமோ அவங்கவங்க எந்திரிச்சுப் போட்டுக்கணும். இன்னைக்கு யாரும் யாருக்கும் பரிமாற வேண்டியதில்ல" என்றேன். குரல் வகுப்பில் பேசுகிற மாதிரி வந்துவிட்டது.

ஒருவரும் அசையவில்லை. பிறகு அவர் எழுந்தார். பார்த்தீர்களா, என் வீட்டுக்காரருக்குத்தான் முதலில் புரிந்தது என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அவர் தட்டை எடுக்கவில்லை. சைடுபோர்டிடம் போய், ரசத்தைக் கோடிக்கு நகர்த்தினார். குழம்புச் சட்டியைச் சோற்றுக்குப் பக்கத்தில் இழுத்தார். எல்லாக் கரண்டிகளின் காம்பையும் ஒரே பக்கமாகத் திருப்பி வைத்தார். தோளில் இருந்த துண்டை எடுத்து நான்காக மடித்து இடது முழங்கையில் போட்டுக்கொண்டார். சோற்றுப் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு அத்தையின் இடது பக்கம் வந்து, லேசாகக் குனிந்து, ஒரு பருக்கை சிந்தாமல் பரிமாறினார். பிறகு என்னிடம் வந்தார். எனக்கும் இடது பக்கம். அதே குனிவு. இப்படிப் பரிமாற எனக்கே தெரியாது.

"நீங்க உக்காருங்க" என்றேன்.

"நீங்கள்லாம் சாப்பிடுங்க. நான் அப்புறம் சாப்பிட்டுக்கிறேன்."

சொல்லிவிட்டு அவரே திடுக்கிட்ட மாதிரி நின்றார். மகள் களுக்கென்று சிரித்தாள். அத்தை சிரிக்கவில்லை.

"என்னப்பா இது, கல்யாண மண்டபத்துல நிக்கிறவன் மாதிரி" என்றார்.

"எட்டு வருஷமா இதாம்மா என் வேலை" என்றார் அவர்.

யாரும் கேட்காமலே நின்றபடி சொன்னார். ஸ்டோர் கீப்பர் வேலை இல்லை. ஆபீசர்கள் சாப்பிடுகிற மெஸ். இதே மாதிரி ஒரு சைடுபோர்டு, அதன் வலது பக்கம் அவர் நிற்க வேண்டும். பன்னிரண்டு ஆபீசர்கள். கை உயர்ந்தால் போக வேண்டும், உயராவிட்டால் நிற்க வேண்டும், சுவரில் சாயக் கூடாது. ஊரில் சொன்னால் மரியாதையாக இருக்காது என்று ஸ்டோர் என்று எழுதிவிட்டார். கொழுந்தன் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"நீங்க எப்ப சாப்பிடுவீங்க?" என்று கேட்டேன்.

"அவங்க எல்லாம் எந்திரிச்ச பெறகு. மூணு மணி ஆயிடும். கிச்சன்ல நின்னுக்கிட்டே."

"ஆறிப் போயிருக்குமே."

"ஆறிப் போனதுதான்" என்றார்.

எட்டு வருஷமாக, எல்லாரும் சாப்பிட்டு எழுந்த பிறகு ஆறின சோற்றைச் சாப்பிடுகிறவள் நான் ஒருத்திதான் என்று நினைத்து எத்தனை தடவை மனதுக்குள் அவரோடு சண்டை போட்டிருக்கிறேன். கடலுக்கு அந்தப் பக்கம் அவரும் அதையேதான் சாப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறார். எனக்கு அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தது. கோபம்தான் முந்திக்கொண்டது. எழுந்துபோய் அவர் கையில் இருந்த துண்டைப் பிடுங்கினேன். நாற்காலியைத் தரை கீறுகிற சத்தத்தோடு இழுத்தேன்.

"உக்காருங்க. இது கேம்ப் இல்ல."

"பழக்கமில்லடி" என்றார் மெதுவாக.

"எனக்கு மட்டும் பழக்கமா? நானும் இன்னைக்குத்தான் உக்காந்திருக்கேன்."

உட்கார்ந்தார். நான் அவருடைய தட்டில் சோறு போட்டுக் குழம்பு ஊற்றினேன், அந்த ஒரு தடவை போகட்டும் என்று. பிறகு என் நாற்காலியில் உட்கார்ந்தேன். எதிரில் அவருடைய முகம் இருந்தது. மீன் முள்ளை நாக்கிலேயே பிரித்து ஓரமாகத் தள்ளுகிறார், காரம் ஏறினால் இடது கண்ணை மட்டும் சுருக்குகிறார். எனக்கு அதுவரை தெரியாது.

அத்தை தன் டம்ளரை நகர்த்தி, "கொஞ்சம் ரசம்" என்றார்.

நானும் அவரும் ஒரே நேரத்தில் எழுந்தோம். இரண்டு நாற்காலியும் சேர்ந்து கிறீச்சிட்டன. இரண்டு பேருடைய கையும் எச்சில் கை, இரண்டு பேரும் அப்படியே நின்றோம்.

"உக்காருங்க ரெண்டு பேரும். எனக்குக் கையில்லையா?" என்றார் அத்தை. மேசையில் கையை ஊன்றி எழுந்து, டம்ளரைப் பிடித்துக்கொண்டு சைடுபோர்டுக்கு நடந்தார். எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, இடது கையால் கரண்டியை எடுத்துத் தனக்கு வேண்டிய அளவு ரசத்தைத் தானே ஊற்றிக்கொண்டார்.

நாங்கள் உட்கார்ந்தோம். என் தட்டுச் சோற்றில் இன்னும் ஆவி பறந்துகொண்டிருந்தது. அவருடையதிலும்.